பதிலுக்கு விட்ட இடைவெளி

மணப்பெண் மாதா கோயில் வாசலில் வந்து நின்றுவிட்டாள். வெள்ளைப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள், செருப்பு அவள் தம்பி கையில். முந்தின நாள் பெய்த மழையில் கல்மண்டபம் சிக்னல் குளமாகிக் கிடந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் பாடகர் குழு நிற்கவேண்டிய இடத்தில் நான் மட்டும், தோளில் கிட்டாரோடு. கீபோர்டு வாசிக்கும் அண்ணன் தண்டையார்பேட்டையில், தண்ணீருக்கு அந்தப் பக்கம். குழுவை நடத்துகிற என் அம்மா மீஞ்சூரில் சொந்தக்காரர் ஒருவரின் வீட்டுக்குப் போனவள், ரயில் ஓடாததால் அங்கேயே மாட்டிக்கொண்டாள். போனில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "நீ பாடு. வேற இன்னா பண்ணுவ, பொண்ண வூட்டுக்கு அனுப்பவா முடியும்?"

பாடினேன். சின்ன வயதிலிருந்து அந்தக் கோயிலில் பாடுகிறேன், ஆனால் எப்போதும் கூட்டத்துக்கு நடுவில். அக்காக்கள் ஒரு பக்கம், அண்ணன்கள் ஒரு பக்கம், முதுகுக்குப் பின்னால் அம்மா. அந்தக் கலவையில் என் குரல் எது என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு அது தனியாகக் கிளம்பிப் போய்ப் பின்சுவரில் மோதி, கொஞ்சம் தாமதமாக என்னிடம் திரும்பி வந்தது. இதுதானா நீ என்று கேட்கத் தோன்றியது. ஃபாதர் குடும்ப வாழ்வைப் பற்றி நீளமாகப் பிரசங்கம் வைத்தார். ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க நான் ஒருத்தி மட்டும் நின்று பாடினால் எப்படி இருக்கும்? அதுவும் என் பாட்டை, நான் பேசுகிற பேச்சிலேயே? இதையே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் சொன்னது என் தோஸ்துவிடம். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன், இப்போது காசிமேட்டில் மைக்செட் கடை வைத்திருக்கிறான். ஆடி மாதம் கூழ் ஊற்றுவதிலிருந்து மாதா திருவிழா வரைக்கும் எங்கள் பக்கத்துத் தெருக்களில் கேட்கிற சத்தமெல்லாம் அவன் ஸ்பீக்கரிலிருந்து வருவதுதான்.

"தனியாவா? ஒரு டோலக்கு கூட வோணாமா?" என்றான்.

"வோணாம். நானும் கிட்டாரும்."

"எங்க?"

"பப்ல."

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "நைனா, உங்கம்மா உன்னிய அடிக்காது. என்னியதான் அடிக்கும்."

அம்மா யாரையும் அடிக்கவில்லை. "அங்க மைக்கு நல்லா இருக்குமா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா, ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஆனால் இடம் கிடைக்கவேண்டுமே. நகரத்தின் அந்தப் பக்கம் இருக்கிற பப்களுக்கு என் பாட்டுகளைப் பதிவுசெய்து அனுப்பினேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர் மட்டும் போன் பண்ணிச் சிரித்துக்கொண்டே பேசினார். குரல் பிரமாதமாம். தெரிந்த இங்கிலீஷ் பாட்டு, இந்திப் பாட்டு பாடினால் உடனே வரலாமாம். "இந்த பாஷைல பாடினா காமெடி ஷோன்னு நெனச்சுப்பாங்க" என்றார். நான் என்ன காமெடி பண்ணினேன் என்று அந்தப் பாட்டை எடுத்துத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் இடம் கிடைத்தது என் ஆபீசுக்கு எதிரிலேயே. நான் வேலை பார்ப்பது ராயபுரத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீஸ், கப்பலில் ஏறுகிற சரக்குக்குக் காகிதம் தயார்பண்ணும் வேலை. எதிரே இருக்கிற சின்ன ஓட்டலின் மாடியில் புதிதாக ஒரு பப் திறந்திருந்தார்கள். பெரிய பெயர்தான். போட்டிருந்ததோ கொஞ்சம் மேசை, மங்கலான விளக்கு, சுவரை அடைத்தபடி ஒரு டிவி. வேலை முடிந்த யார்டு சூப்பர்வைசர்கள், சர்வேயர்கள், ஏஜென்ட் ஆபீஸ் ஆட்கள், எப்போதாவது கரைக்கு இறங்கிய கப்பல்காரர்கள் வருவார்கள். எல்லாரும் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். பாட்டைப் போனில் கடைசிவரை கேட்டார். "சொந்தப் பாட்டே பாடுங்க, எனக்கொண்ணும் இல்லீங்க" என்றார். "ஒரு மாசம், சனிக்கிழமை சாயங்காலம். நீங்க பாடற நேரம் டிவி ஆஃப். மாசக் கடைசில ஜனம் டிவியைக் கேட்டா டிவி, உங்களைக் கேட்டா நீங்க. சரிங்களா?"

சரி என்று சொல்லிவிட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். என் பேச்சில், என் ஊரில், என் பாட்டு. இதைவிட்டால் எனக்கு வேறு இடமில்லை என்பதும் தெரியும்.

வீட்டில் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சனிக்கிழமையா?" என்றாள். "சனிக்கிழமை நம்ம பிராக்டிஸ் ஆச்சே." தண்ணீரை வடித்துவிட்டு இன்னொரு தடவை களைந்தாள்.

முதல் சனிக்கிழமை தோஸ்து தெருமுனைக் கூட்டத்துக்கு வைக்கிற ஸ்பீக்கரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். அவனிடம் இருப்பதில் அதுதான் சின்னது என்று சத்தியம் பண்ணினான். மைக்கில் அவன் "அலோ" என்று ஒரு தடவை சொன்னதும் அலமாரியில் இருந்த கண்ணாடிக் கோப்பைகளெல்லாம் சேர்ந்து பதில் சொல்லின. மேனேஜர் உள்ளிருந்து ஓடிவந்தார். ஒருவழியாகச் சத்தத்தைக் குறைத்து, டிவியை அணைத்து, விளக்கை என் பக்கம் திருப்பினார்கள்.

அப்போதுதான் அந்தத் தப்பைப் பண்ணினேன். எங்கள் பூசையில் பதிலுரைப் பாடல் என்று ஒன்று உண்டு. ஒருவர் ஒரு வரி பாடி நிறுத்தி, உள்ளங்கையை மேலே தூக்குவார். கோயிலில் இருக்கிற அத்தனை பேரும் அந்த வரியைத் திருப்பிப் பாடுவார்கள். அந்தக் கையைத் தூக்குகிற வேலை பத்தாவது படிக்கும்போதே எனக்கு வந்துவிட்டது. பாட்டு என்றாலே என் உடம்புக்கு அதுதான் பழக்கம்: கேட்பது, நிற்பது, பதில் வாங்குவது. நானே கட்டிய பாட்டுகளும் அப்படியே அமைந்துவிட்டிருக்கின்றன, எனக்கே தெரியாமல்.

முதலில் எடுத்தது லாரிப் பாட்டு. எண்ணூரிலிருந்து துறைமுகம் வரைக்கும் கண்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும். டிரைவர் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்குவார். வீட்டிலிருந்து போன் வரும், எங்க கீற என்று. இருக்கிற இடத்தைவிட்டு ஓர் அடி நகராமலே அவர் சொல்லுவார், வந்துனே கீறேன் என்று. பாட்டு மொத்தமும் அதுதான். போன் கேட்கிறது, டிரைவர் பதில் சொல்கிறார்.

"எங்க கீற?" என்று பாடினேன். நிறுத்தினேன். வலது கை தானாக மேலே போனது.

சமையலறையில் மிக்சி ஓடுகிற சத்தம். யாரோ, "ஒரு சிக்கன் லாலிபாப்" என்றார்கள். மேசையில் இருந்தவர்கள் தூக்கிய என் கையைப் பார்த்தார்கள், பிறகு கை எதைக் காட்டுகிறது என்று கூரையைப் பார்த்தார்கள். நானே பதிலையும் பாடினேன், தாமதமாக, கிட்டாரில் தப்பான கார்டு பிடித்து. அடுத்த சரணத்திலும் கை போனது. அதற்கடுத்த பாட்டிலும் போனது.

"இன்னாத்துக்கு நைனா நடுவுல நடுவுல நிறுத்துன?" என்றான் தோஸ்து, ஒயரைச் சுற்றிக்கொண்டே. "கரண்ட்டு பூட்ச்சுன்னு ரெண்டு தபா பிளக்க புடுங்கிப் பாத்துட்டேன்."

மேனேஜர் நாசூக்காகச் சொன்னார். "நீங்க கையைத் தூக்கினதும் நம்ம பையன் ஆர்டர் எடுக்க ஓடிவந்துட்டானுங்க."

இரண்டாம் சனிக்கிழமை இடைவெளியே விடவில்லை. கேள்வியையும் பதிலையும் ஒட்டவைத்து ஒரே மூச்சில் ஓட்டினேன். பத்துப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி ஆகிவிட்டது. "ஒரு ஸ்டேஷன்லயும் நிக்கலயே, எக்ஸ்பிரஸ் வண்டியா?" என்று கேட்டான் தோஸ்து. பாதியில் யாரோ ரிமோட்டை வாங்கி, சத்தமில்லாமல் டிவியைப் போட்டார்கள். கழுத்துகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பியதை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே பாடி முடித்தேன். மேடை என்றால் ஒரு ஜமுக்காளமும் அதன்மேல் ஒரு ஸ்டூலும்தான். ஆனாலும் அங்கிருந்து எல்லாம் தெரிகிறது.

அடுத்த வாரத்துக்குள் ஒரு லூப் பெடலை இரவல் வாங்கினேன். பாடும்போது காலால் மிதித்தால் நம் குரலைப் பதிந்து, வேண்டிய இடத்தில் திருப்பிப் பாடும் சின்னப் பெட்டி. பதில் வரியை முதலிலேயே பாடி அதற்குள் வைத்துவிட்டேன். மூன்றாம் சனிக்கிழமை "எங்க கீற?" என்று நான் கேட்டதும் "வந்துனே கீறேன்" என்று பெட்டி சொன்னது. சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு கப்பல்காரர் எழுந்துவந்து பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டு போனார். "இப்ப பரவால்லீங்க" என்றார் மேனேஜர். "ஆனா அடுத்த சனிக்கிழமை மேட்ச் இருக்கு. பெரிய மேட்ச். அன்னிக்கே முடிவு பண்ணிக்கலாங்க."

மறுநாள் அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது பதிவைப் போட்டுக் காட்டினேன். கை நிற்காமல் கேட்டாள்.

"யாரு அந்த ரெண்டாவது கொரலு?"

"நான்தான்மா. பெட்டில பதிஞ்சு வெச்சது."

"ஓ." ஒரு மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "நீயே கேட்டுகினு நீயே பதில் சொல்லிகினா, அங்க குந்தினு கீறவங்களுக்கு இன்னா வேல?"

"அவங்க பதில் சொல்ல மாட்டாங்கம்மா. அது கோயில் இல்ல."

"நான் எங்கடி கோயில்னேன்? நல்லாதான் கீது. ஒப்பன போட்ட மாதிரி." இது பாராட்டா இல்லையா என்று தெரியாமல் கடுப்பாகி எழுந்து போய்விட்டேன்.

புதன்கிழமை கீபோர்டு அண்ணன் போன் பண்ணினார். "இன்னாமா, உங்கம்மா பிராக்டிஸ வெள்ளிக்கிழமைக்கு மாத்திட்டாங்க? எனக்கு வெள்ளிக்கிழமை செகண்ட் ஷிஃப்ட். ஆளு மாத்தி உடறதுக்குள்ள பேஜாரா பூட்ச்சு."

"எப்ப மாத்தினாங்க?"

"போன வாரமே. இந்த வாரத்துலருந்து எப்பவும் வெள்ளிதானாம்."

போன வாரம் என்றால் கழுத்துகளெல்லாம் டிவி பக்கம் திரும்பிய அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த நாட்கள். இந்த மாதத்தோடு என்னை அனுப்பிவிடுவார்கள் என்று நான் புலம்பிக்கொண்டிருந்த நேரம். அப்போது அம்மா எனக்குச் சொல்லாமல் அத்தனை பேருக்கும் போன் போட்டு, ஷிஃப்டு மாற்றவைத்து, டியூஷன் தள்ளிப்போடவைத்து, என் சனிக்கிழமையைக் காலிபண்ணிக் கொடுத்திருக்கிறாள். நிரந்தரமாக.

சாப்பிடும்போது கேட்டேன். "பிராக்டிஸ ஏம்மா மாத்துன?"

"எல்லாருக்கும் வெள்ளிதான் வசதி."

"கீபோர்டு அண்ணனுக்கு செகண்ட் ஷிஃப்டாமே?"

"சோறு ஆறுது. துன்னு."

அவள் வைத்த குழம்பைப் பிசைந்துகொண்டிருக்கும்போது எனக்குப் பயம் வந்தது. அதுவரை தோற்றால் நான் மட்டும் தோற்பேன். இப்போது தோற்றால், காலிபண்ணிக் கொடுத்த சனிக்கிழமையில் நான் வீட்டில் உட்கார்ந்திருப்பதை அம்மா பார்க்கவேண்டியிருக்கும்.

மேட்ச் அன்றைக்குக் கூட்டம் நிறைய. டிவியை அணைத்தபோது முனகல் கேட்டது. மேனேஜர், "அரை மணி நேரம் பாருங்க, அப்புறம் போட்டுக்கலாம்" என்று அவர்களிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. பெடலைப் பையிலிருந்து எடுத்து ஒயரைச் செருகப்போனேன். அம்மா சொன்ன ஒப்பனை ஞாபகம் வந்தது. திரும்பப் பைக்குள் வைத்தேன். சவுண்டு மிக்சருக்குப் பின்னாலிருந்து தோஸ்து, இன்னா என்பதுபோலக் கையை விரித்தான். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

லாரிப் பாட்டையே மெதுவாக எடுத்தேன். டிரைவர் ஸ்டவ் பற்றவைப்பது, முன்னால் நிற்கிற லாரியின் பின்பலகையை மனப்பாடம் பண்ணுவது, போன் அடிப்பது. அந்த நேரம் ஜன்னலோர மேசையில் நிஜமாகவே ஒரு போன் அதிர்ந்துகொண்டிருந்தது. ஐம்பது வயதை நெருங்குகிற ஓர் அண்ணன், யார்டு சூப்பர்வைசர் என்று பிறகு தெரிந்தது, அதை எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கீற?" என்று பாடினேன். நிறுத்தினேன். கையைத் தூக்கவில்லை, கிட்டாரின் மேலேயே வைத்துக்கொண்டேன். கம்பி அதிர்ந்து அதிர்ந்து அடங்கிக்கொண்டிருந்தது. பதில் வராது என்று தெரிந்தும் காத்திருந்தேன்.

"தோ, வந்துனே கீறேன்."

பாடிய குரல் இல்லை. வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும் வருகிற, அவசரமும் குழைவும் கலந்த குரல். அந்த அண்ணன் போனைக் காதில் வைத்திருந்தார். இன்னொரு கையால் பீர் கிளாஸை மூடியிருந்தார், போன் வழியாக அது தெரிந்துவிடும்போல.

முதலில் சிரித்தது அவர் மேசை. பிறகு பக்கத்து மேசை. அவர் நிமிர்ந்து எல்லாரையும் பார்த்து, என்னைப் பார்த்து, புரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்குவதற்குள் நான் அடுத்த சரணத்துக்குப் போய்விட்டேன். திருவொற்றியூர் தாண்டியாச்சா, டோல்கேட் வந்தாச்சா, எங்க கீற?

"வந்துனே கீறேன்" என்றது மொத்த மாடியும்.

சுருதி எங்கேயோ இருந்தது. தாளம் ஆளுக்கொரு பக்கம். மேனேஜர் அதைக் கோயம்புத்தூர் மாதிரி "வந்துட்டே இருக்கறனுங்க" என்று பாடினார், அவரைத் திட்டித் திருத்தினார்கள். ஒவ்வொரு சரணத்துக்கும் பதில் பெரிதாகிக்கொண்டே போனது. நான்காவதில் கேள்வியைக் குரலெடுத்துப் பாடவில்லை. வாயை மட்டும் அசைத்தேன். அதற்கும் பதில் சொன்னார்கள். அரை மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. ஸ்கோர் என்ன என்று ஒருவர் போனில் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான். மற்ற பாட்டுகளையும் அப்படியே நிறுத்தி நிறுத்திப் பாடினேன். சிலதுக்குப் பதில் வந்தது, சிலதுக்கு வரவில்லை. வராத இடத்திலும் ஆட்கள் இருந்தார்கள்.

"அடுத்த சனிக்கிழமையும் வந்துருங்க" என்றார் மேனேஜர். அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாமல், கோப்பை துடைத்துக்கொண்டே போகிற போக்கில் சொன்னார். தோஸ்து ஸ்பீக்கரைத் தட்டிக்கொடுத்தான், குதிரையைத் தட்டுகிற மாதிரி.

கிட்டாரை உறையில் போடும்போது ஜன்னலோர அண்ணன் வந்து நின்றார். "பாப்பா, உன்னால வூட்ல பஞ்சாயத்து."

"இன்னாண்ணா ஆச்சு?"

"நீ கேட்டது போன்ல அவளுக்கு கேட்டுச்சு. ஒரு பொண்ணு கொரலு, எங்க கீறன்னு. 'யாருய்யா அவ, என்னியாட்டம் கேக்கறா'ன்றா. பாட்டுமான்னேன். நம்பல." கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார்: "அடுத்த வாரம் இட்டுனு வந்து காட்டிடறேன். பொம்பளைங்க குந்தலாமா இங்க?"

"நான் குந்தினுதானே பாடறேன்?"

"அதான். சரி, நெசமாவே கெளம்பறேன்" என்று படியிறங்கினார்.

வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினேன். அம்மா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் துப்பட்டா மடிப்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்: "அத்தன ஆம்பளைங்க நடுவுல அந்தம்மா தனியா எப்டி குந்தும்? தொணைக்கு நான் வர்றேன். அங்க லெமன் சோடா கீதா?"

அன்றிலிருந்து ஒரு புதுப் பாட்டு என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. லாரிப் பாட்டில் இதுவரை பதில் சொல்பவரைப் பற்றித்தான் பாடியிருக்கிறேன். கேட்டவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வந்துனே கீறேன் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தபிறகு அவள் என்ன பண்ணுவாள்? குழம்பைத் திரும்ப அடுப்பில் ஏற்றுவாளா, தட்டை மூடிவைப்பாளா, டிவியைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் இருப்பாளா? இது ரொம்ப மெதுவான பாட்டு. இதில் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒரு பாட்டை வைத்து ஓர் அறையை நிறுத்திவைக்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை. அதுவும் அந்தம்மாவும் என் அம்மாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது.

முதல் சரணம் ஆபீசில், இரண்டு கப்பல்களின் காகிதத்துக்கு நடுவில் வந்துவிட்டது. இரண்டாவது இன்னும் வரவில்லை. சனிக்கிழமைக்குள் வந்துவிட்டால் அதைத்தான் முதல் பாட்டாகப் பாடப்போகிறேன்.